“கம்ப்ரஸர் போச்சு சார்” என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

ராத்திரி நேராக நிறுத்திய ஏர் சஸ்பென்ஷன் கார் (ஸ்பிரிங்குக்குப் பதில், கம்ப்ரஸர் நிரப்பும் காற்றுப் பைகள் தாங்கும் வண்டி) காலையில் ஒரு பக்கம் படுத்துக் கிடக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். காற்றழுத்தம் ஏறவில்லை என்று பிழைக் குறியீடு வருகிறது. “கம்ப்ரஸர் போச்சு சார்.” புதுசு போட்டதும் கார் ஜம்மென்று எழுந்து நிற்கிறது. சில மாதத்தில் அதுவும் எரிகிறது. “எலக்ட்ரிக்கல் ஐட்டம், வாரண்டி கிடையாது” என்று கையை விரிக்கிறார்கள். ஏர் சஸ்பென்ஷன் கார்களில் அலுக்காமல் நடக்கும் ஏமாற்று இது.

கம்ப்ரஸர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. எங்கோ காற்று கசிகிறது; அதை ஈடுகட்ட ஓயாமல் ஓடி, பிஸ்டன் ரிங் தேய்ந்து, சூடேறி எரிகிறது. இல்லையென்றால் ரிலேயின் (கம்ப்ரஸருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு, காரை அணைத்த பிறகும் அதை ஓடவிடுகிறது. அழுத்தம் ஏறவில்லை என்று சொல்லும் ஸ்கேனர், கசிவு எங்கே என்று சொல்லாது. அதைத் தேட நேரமாகும். பார்ட் மாற்றினால் உடனே பில் போடலாம்.

கசிவை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் மில்லிமீட்டரில் அளந்து குறியுங்கள். மறுநாள் கதவைத் திறப்பதற்கு முன் மறுபடி அளங்கள்; கதவைத் திறந்தாலே சில கார்கள் விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்யும். ஒரு சக்கரம் மட்டும் இறங்கினால் அதன் பெல்லோ (காற்றுப் பை), குழாய் அல்லது மேல் இணைப்பு. முன்னிரண்டோ பின்னிரண்டோ சேர்ந்து இறங்கினால், காற்றைச் சக்கரங்களுக்குப் பிரித்துவிடும் வால்வ் பிளாக்கையும் சந்தேகப்படுங்கள். டிஸ்கவரி 3 போன்ற லேண்ட் ரோவர்கள் நின்ற இடத்திலேயே அவ்வப்போது விழித்து, தாழ்ந்த சக்கரத்துக்குச் சமமாக மற்றவற்றையும் இறக்கிவிடும். அதனால் அவற்றில் சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

பிறகு காரை அதிகபட்ச உயரத்துக்கு ஏற்றி, பெல்லோவின் மடிப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாழ்ந்திருக்கும்போது விரிசல் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். ஸ்டாண்டு இல்லாமல் யாரும் காருக்கடியில் தலையை விடக்கூடாது. காற்று எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது.

ஸ்ட்ரட் (பெல்லோவும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) மாற்றும்போதும் கவனம். பழையதற்குப் பெயிண்ட் அடித்துப் புதுசாக விற்பதுண்டு. லேபிளில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், கழற்றியதைக் கேட்டு வாங்குங்கள். ஒரே வயதுள்ள இரண்டை ஜோடியாக மாற்றுவது நியாயம். ஒன்று கசிவதற்கு நான்கையும் மாற்றச் சொன்னால் கொள்ளை. பொருத்தியதும் காற்று நிரப்பாமல் சக்கரத்தைத் தரையில் இறக்கினால் புது பெல்லோ தப்பாக மடங்கி அங்கேயே கிழியும். குழாய் முனையை நேராக வெட்டி, புது இணைப்பு போட வேண்டும். கடைசியில் உயரம் காலிபரேட் செய்யாவிட்டால் கார் கோணலாகவே நிற்கும்.

கம்ப்ரஸர் நிஜமாகவே போயிருந்தால் ரிலேயும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் சேர்ந்தே மாற வேண்டும். டிரையரில் உள்ள சிலிக்கா மணிகள் ஈரம் குடித்துத் தீர்ந்துவிட்டால், தண்ணீர் வால்வ் பிளாக்குக்குள் போய் அரிக்கும். கசிவு எங்கே இருந்தது, எப்படிச் சரிசெய்தார்கள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கார் முழுசாகப் படுத்துவிட்டபோது “மெதுவா ஓட்டிட்டு வாங்க சார்” என்று போனில் சொன்னால் கேட்காதீர்கள். காற்றில்லாத பெல்லோ நசுங்கிக் கிழியும், டயர் மட்கார்டில் உரசும். ஒரு பில் மூன்றாகும். பிளாட்பெட் லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.