சொத்தை டென்டின் வரை போய்விட்டதா? கம்பாசிட்டா, கிளாஸ் அயனோமரா?

பெங்களூரில் அல்சூர், விவேக் நகர் பக்கம் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இது: சொத்தையை அடைக்க டாக்டர் இரண்டு பொருள் சொல்கிறார், கம்பாசிட் (பல் நிறப் பிசின்), கிளாஸ் அயனோமர் (ஒருவகைப் பல் சிமெண்ட்), எதை எடுப்பது?

பல்லின் வெளி உறையான எனாமலில் எடைக்கு சுமார் 96 சதவீதம் தாது. அதற்கு அடியில் உள்ள டென்டினில் 70 தான். மிச்சம் பெரும்பாலும் கொலாஜனும் நீரும். உள்ளே பல்கூழ் (பல்லின் நடுவே நரம்பு உள்ள மென்திசு) வரை நுண்குழாய்கள் ஓடுகின்றன. சில்லென்று குடிக்கும்போது அவற்றில் திரவம் அசைவதால்தான் பல் கூசுகிறது. ஈரமான இந்தத் திசுவில் எது நன்றாக ஒட்டும் என்பதே பெரிய கேள்வி.

ஒட்டுதல்
அயனோமர்: பல்லின் கால்சியத்தோடு வேதிப்பிணைப்பில் தானே ஒட்டும். லேசான ஈரத்தையும் சமாளிக்கும்.
கம்பாசிட்: தனியாகப் பசை வேண்டும், எச்சில் பட்டால் பிடிப்பு கெடும். நீல ஒளியில் இறுகும்போது சற்றே சுருங்கும். அதனால் ஆழமான குழியில் சுமார் 2 மி.மீ. அடுக்குகளாக வைப்பார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

உழைப்பு
அயனோமர்: மெல்லும் இடத்தில் சீக்கிரம் தேயும்.
கம்பாசிட்: நின்று உழைக்கும், நிறமும் பொருந்தும்.

செலவில் அயனோமர் மலிவு.

சரி, யாருக்கு எது? பால் பல்லுக்கும் ஈறோரத் தேய்மானத்துக்கும் அயனோமர், ஃப்ளூரைடும் வெளிவிடும். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் கம்பாசிட். குழி ஆழமென்றால் அடியில் அயனோமர், மேலே கம்பாசிட் வைக்கும் முறையும் உண்டு. என் ஓட்டு அதற்குத்தான். இரவில் தானாகவே வலி வந்தால் பல்கூழே பாதித்திருக்கலாம். அப்போது அடைப்பைப் பற்றிப் பேசுமுன் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.