மணல் மேட்டின் முன்பக்கமா, பின்பக்கமா?

மேட்டின் பின்பக்கம் கிளைடரைச் சுழற்றிச் சுழற்றி வேகமேற்றும் டைனமிக் சோரிங் வீடியோவைப் பார்க்கும், ரிமோட்டில் மோட்டாரில்லாக் குட்டி விமானம் (ஆர்சி கிளைடர்) ஓட்டும் எல்லோருக்கும் வரும் கேள்விதான்: இது நம்ம ராமநாதபுரத்தில் நடக்குமா? காற்றுக்கு இங்கே பஞ்சமே இல்லை. பஞ்சமெல்லாம் மேட்டுக்குத்தான்.

வித்தை இவ்வளவுதான். முகட்டுக்கு மேலே காற்று வேகமாக ஓடும், பின்னால் கிட்டத்தட்ட அசையாமல் கிடக்கும். மேலே 40 கி.மீ. காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்க அமைதியில் 100-ல் வரும் கிளைடர் காற்றை எதிர்த்து மேலே ஏறியதும் அதன் இறக்கை சந்திக்கும் காற்று 140 ஆகிவிடும், அங்கே திரும்பிக் காற்றோடு ஓடும்போது தரையைப் பொறுத்து அதன் வேகம் 180, அப்படியே கீழே அமைதிக்குள் இறங்கினால் அந்த 180 முழுசாகக் கையில் நிற்கும். உராய்வு தின்றது போக மிச்சம் லாபம், அடுத்த சுற்று அதற்கும் மேல். 2021 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் பார்க்கர் மலையில் ஸ்பென்சர் லிசன்பி மோட்டாரே இல்லாமல் மணிக்கு 882 கி.மீ. தொட்டது இப்படித்தான். அல்பட்ராஸ் பறவை கடல்மேல் போடுவதும் இதே கணக்கு.

சரி, நம்ம கரை. தனுஷ்கோடிப் பக்கத்து மணல் மேடுகளின் பின்னால் கிடைக்கும் அமைதி சில மீட்டர்தான். அதற்குள் வட்டம் போட வேண்டுமென்றால் மிக இறுக்கமாகத் திருப்ப வேண்டும், திருப்பத்திலேயே பாதி வேகம் கரைந்துவிடும், கை கொஞ்சம் பிசகினால் மூக்கு மணலில். மேடு உருண்டையாக இருந்தால் காற்று அதை ஒட்டியே வழிந்து இறங்கிவிடும், அமைதியே உருவாகாது. விளிம்பு கூர்மையாக உடைந்து செங்குத்தாகச் சரியும் மேடுதான் வேண்டும். ராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடம் கந்தமாதன பர்வதம், ஆனால் அங்கே கோயிலும் கூட்டமும் இருக்கிறது, அந்த யோசனையே வேண்டாம்.

முன்பக்கம், அதாவது மேட்டில் மோதி மேலெழும் காற்றில் மிதக்கும் சாதாரண ஸ்லோப் சோரிங், இங்கே ராஜா. கடலைத் தாண்டி வரும் காற்றில் குலுக்கல் குறைவு, ஆள் உயர மேட்டிலேயே எடை குறைந்த நுரை இறக்கை (ஃபோமில் செய்த கிளைடர்) ஒன்று நின்று விளையாடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கம், மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரியில் வாடைக்குப் பாக் விரிகுடாப் பக்கம். மண்டபத்தில் இருந்தால் இரண்டு கரையும் பக்கத்தில்தான். காற்று கரைக்குச் சாய்வாக வந்தால் மட்டும் தூக்கல் பாதியாகிவிடும். உப்பும் பொடிமணலும், இறக்கைத் தகடுகளை அசைக்கும் குட்டி மோட்டாரான சர்வோவுக்குள் போய் அதன் பல்சக்கரத்தைத் தின்னும், அதனால் விலை உயர்ந்த கார்பன் மாடலைக் கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாவது ஒன்று உண்டு, அதை யாரும் கண்டுகொள்வதில்லை: இறக்கை நுனியைப் பிடித்து, ஒரு சுற்று சுற்றி வீசும் கிளைடர். எஃப்3கே போட்டி வகையில் இறக்கை 1.5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, எடையோ சில நூறு கிராம்தான். இதற்கு மேடே வேண்டாம், தெர்மல் (சூடான தரையிலிருந்து மேலெழும் காற்று) போதும். கரையை விட்டு உள்ளே, முதுகுளத்தூர்ப் பக்கம் கோடையில் வறண்ட கண்மாய்க்குக் காலையிலேயே போய்விடுங்கள், பருந்து எங்கே வட்டமிடுகிறதோ அங்கே வீசுங்கள். கடற்காற்று உள்ளே வந்ததும் தெர்மல் உடைந்துவிடும், அப்புறம் கட்டிவைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

என் வரிசை: முதலில் முன்பக்கம், இரண்டாவது கண்மாய், பின்பக்கம் கடைசி. பின்பக்கத்தை விடவே மனசில்லை என்றால் அதே நுரை இறக்கையை, ஆள் நடமாட்டமில்லாத மேட்டில், கச்சான் நன்றாக வீசும் நாளில் போட்டுப் பாருங்கள். வட்டத்துக்குள் நீங்களே நிற்காதீர்கள், வேகம் ஏறிய நுரையும் பல்லைப் பெயர்க்கும்.

எதைப் பறக்கவிட்டாலும் முதலில் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத்தளம் இருக்கிறது, எல்லைக்கடலும் அருகில். அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாத சிவப்பு மண்டலத்தில் மாட்டினால் கிளைடர் திரும்ப வராது.