ஆறு மொழி, ஆறு மாதம், வேலை உறுதி: கணினிப் பயிற்சி மையத்தில் பணம் கட்டுமுன் படியுங்கள்

மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், கீழக்கரை, தொண்டி என இந்தக் கடலோரத்து ஊர்களில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, மென்பொருள் வேலைக்குப் போக முதலில் எந்தக் கணினி மொழியைப் படிப்பது என்று கேட்டுக்கொண்டு இராமநாதபுரம் நகரத்துப் பயிற்சி மையங்களின் படியேறும் தம்பி தங்கைகளுக்காகவும், அவர்களுக்காக நகையை அடகு வைக்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். என் தம்பி ஏமாற்றப்பட்ட மையத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. எங்கள் புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருக்கிறது. மேலும், இதே முறையில் நடக்கும் இடம் அது ஒன்றுதான் என்று நான் நம்பவில்லை.

தம்பி கணிதத்தில் இளங்கலை முடித்தவன். அப்பா விசைப்படகில் கூலிக்குச் செல்பவர். பேருந்து நிலையத்துக்கு அருகே ஒட்டியிருந்த விளம்பரத்தில் சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, டாட் நெட், பிஎச்பி, பைத்தான் ஆகிய ஆறு மொழிகளும் ஆறு மாதத்தில் கற்பிக்கப்படும் என்றும், நூறு சதவீதம் வேலை உறுதி என்றும் அச்சிட்டிருந்தார்கள். தம்பி அங்கே போய், முதலில் பைத்தான் படிப்பதா, ஜாவா படிப்பதா என்று கேட்டிருக்கிறான். சேர்க்கைப் பொறுப்பில் இருந்த பெண்மணி, "ஒரு மொழி மட்டும் தெரிந்தால் கம்பெனியில் எடுக்க மாட்டார்கள் தம்பி, ஆறும் தெரிந்தால் ஆறு வாசல் திறக்கும்" என்று பதில் சொன்னாராம். அவன் என்ன படித்தான், எந்த மாதிரி வேலை தேடுகிறான், எந்த ஊருக்குப் போக முடியும் என்று எதையும் அவர் கேட்கவில்லை.

கட்டணம் 48,000 ரூபாய். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 18,000 ரூபாயை ரொக்கமாகக் கட்டினோம். மீதியை மாதத் தவணையாகக் கட்டலாம் என்று சொல்லி, தம்பியின் ஆதார் எண்ணையும் கைப்பேசிக்கு வந்த கடவு எண்ணையும் (ஓடிபி) வாங்கிக்கொண்டார்கள். அது மையத்துக்குக் கட்டும் தவணை அன்று. ஒரு நிதி நிறுவனத்தில் அவன் பெயரில் எடுக்கப்பட்ட கடன் என்பது முதல் தவணைக்கான குறுஞ்செய்தி வந்தபோதுதான் வீட்டில் தெரிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகு கரையில் நிற்க, வீட்டில் வருமானமே இல்லாத மாதங்களிலும் அந்தத் தவணைக்காகத் தொலைபேசி அழைப்புகள் நிற்கவில்லை.

வகுப்பில் என்ன நடந்தது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வேலை உண்மையில் அங்கேதான் இருக்கிறது. முதல் மாதம் சி மொழி: மாறி, நிபந்தனை, மடக்கு, அத்துடன் முடிந்தது. இரண்டாம் மாதம் சி பிளஸ் பிளஸ்: மறுபடி மாறி, நிபந்தனை, மடக்கு. மூன்றாம் மாதம் ஜாவாவிலும் அதே மூன்று பாடங்கள். ஆறு மொழிகள் என்று சொல்லி, ஒரே முதல் அத்தியாயத்தை ஆறு முறை விற்றார்கள். கோப்பிலிருந்து தரவைப் படிப்பது, தகவல்களைச் சேமித்து வைக்கும் தரவுத்தளத்தோடு நிரலை இணைப்பது, பிழைச்செய்தியைப் படித்துத் தவறு எங்கே என்று கண்டுபிடிப்பது, ஒரு சிறிய பயன்பாட்டு மென்பொருளை முழுதாகச் செய்து முடிப்பது ஆகிய எதையும் எந்த மொழியிலும் அவர்கள் தொடவில்லை. கரும்பலகையில் எழுதியதை நோட்டில் எழுதி, நோட்டில் எழுதியதைக் கணினியில் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான். சொல்லிக்கொடுத்தவர் அதே மையத்தில் முந்தைய அணியில் படித்து முடித்த பையன். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் அதுவே கற்பிக்கப்பட்டிருக்கிறது.

கற்பித்ததும் காலாவதியானது. சி பிளஸ் பிளஸ் வகுப்பு, 1990-களின் தொடக்கத்தில் போர்லாண்ட் நிறுவனம் வெளியிட்ட டர்போ சி பிளஸ் பிளஸ் மென்பொருளின் நீலத் திரையில் நடந்தது. அம்மொழிக்கு 1998-இல் பன்னாட்டுத் தர வரையறை வந்துவிட்டது. டர்போவில் பழகிய நிரலின் முதல் வரியையே, நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் இன்றைய தொகுப்பிகள் ஏற்காமல் பிழை காட்டும். ஜாவாவில், இணையப் பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரலான ஆப்லெட் நடத்தினார்கள், அதைக் கைவிடப்போவதாக 2017-இல் ஜாவா 9 பதிப்பிலேயே அறிவித்தாயிற்று. கடைசி மாதம் பைத்தான் குறிப்பேடு வந்தபோது அதில் பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பிறகு அடைப்புக்குறியே இல்லை. இன்றைய பைத்தான் 3-இல் அந்த அடைப்புக்குறி கட்டாயம், குறிப்பேட்டில் இருந்தது பழைய பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நீங்கள் சேர நினைக்கும் மையத்தின் குறிப்பேட்டை ஐந்து நிமிடம் வாங்கிப் புரட்டினால், இந்த அடைப்புக்குறியைத் தேடிப் பாருங்கள்.

இதில் எனக்கு மிகவும் வலித்தது வேறொன்று. தமிழ்நாடு அரசின் மேல்நிலை இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் பாடநூல் பைத்தான் 3-ஐத் தமிழிலேயே கற்பிக்கிறது. அதில் செயற்கூறுகள், பட்டியல்கள், தரவுத்தள வினவல் மொழி, பைத்தானைத் தரவுத்தளத்தோடு இணைப்பது எல்லாம் உண்டு. கணினிப் பயன்பாடுகள் பாடநூல்களில் எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி இருக்கின்றன. இந்த நூல்களை இணையத்திலிருந்து கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். எங்கள் ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளையின் பையில் இருப்பதைவிடக் குறைவான ஒன்றுக்கு நாங்கள் சங்கிலியை அடகு வைத்திருக்கிறோம்.

வேலை உறுதி என்பதற்கு அவர்கள் செய்தது, சென்னையில் தொலைபேசி வழியாகப் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தின் முகவரியைக் கொடுத்ததுதான். அங்கே முன்வைப்புத் தொகை கேட்டார்கள். தம்பி மறுத்துத் திரும்பியதும், வாய்ப்புக் கொடுத்தோம், நீ தட்டிக் கழித்தாய், எங்கள் பொறுப்பு முடிந்தது என்றது மையம். விளம்பரத்தில் உறுதி என்று இருந்த சொல், ரசீதின் பின்பக்கத்துச் சிறு எழுத்தில் வேலைவாய்ப்பு உதவி மட்டும் என்று மாறியிருந்தது. அதற்குக் கீழே, கட்டிய பணம் திரும்பத் தரப்படாது என்ற வரி.

பிறகு தம்பி தானே விண்ணப்பித்து மதுரையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போனான். வாடிக்கையாளர் பெயர்களும் விற்பனைத் தொகைகளும் உள்ள ஒரு பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் மொத்தத் தொகை எவ்வளவு என்று கணக்கிடும் நிரலை எழுதச் சொல்லி, "உங்களுக்குத் தெரிந்த எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம்" என்றார்களாம். ஆறு மொழிகளுக்கான சான்றிதழ் கையில் இருந்தும், ஒரு மொழியில்கூட அவனால் எழுத முடியவில்லை. பைத்தானை ஒழுங்காக இரண்டு மாதம் படித்தவருக்கு அது பத்து வரி.

ஆகவே எந்த மொழி என்ற கேள்விக்கு வருகிறேன். நான் கணினித் துறையில் வேலை பார்ப்பவள், எனவே இதை உறுதியாகச் சொல்ல முடியும். முதல் மொழி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், குறைந்தது ஆறு மாதம் அதை விடாதீர்கள். ஒரு படகில் சுக்கான் பிடித்துப் பழகியவருக்கு அடுத்த படகு பிடிபட நாளாகாது. இரண்டாவது மொழியும் அப்படித்தான் வரும். எதைத் தேர்வது என்பதை மையத்தில் கேட்காதீர்கள், வேலை விளம்பரங்களில் பாருங்கள். நீங்கள் போகக்கூடிய மதுரை, கோவை, சென்னை ஆகிய ஊர்களில், அனுபவம் இல்லாதவர்களை எடுக்கும் விளம்பரங்களை மட்டும் சில வாரம் சேர்த்து வைத்தால், எந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்பது தானே தெரியும். பெரிய சேவை நிறுவனங்களும் வங்கி சார்ந்த பணிகளும் ஜாவாவை நிறையப் பயன்படுத்துகின்றன. ஆனால் அங்கே நுழைய மொழியோடு திறனறித் தேர்வையும் கடக்க வேண்டும். இணையதளம் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் கட்டாயம். உலாவியே அதை இயக்கும் என்பதால் பழைய கணினியும் போதும். தரவுப் பணிகளுக்கும், மென்பொருளை நிரல் மூலமே சோதிக்கும் சோதனைத் தானியக்கத்துக்கும் பைத்தான் பயன்படும். தமிழ்வழியில் படித்து, ஆங்கிலத்தில் தயங்கி, தனியாகத் தொடங்கும் ஒருவருக்கு நான் பைத்தானைச் சொல்வேன். காரணம், அதன் எழுத்துமுறை எளிது, அரசுப் பாடநூலே துணைக்கு இருக்கிறது. எந்த மொழியை எடுத்தாலும் எஸ்கியூஎல் என்னும் தரவுத்தள வினவல் மொழி கூடவே வர வேண்டும். நேர்காணலில் காட்டுவதற்கு நீங்களே செய்து முடித்த ஒரு பயன்பாடும் வேண்டும். மீன் ஏலக் கணக்கை எழுதி வைக்கும் சிறு நிரலாக இருந்தாலும் அது சான்றிதழைவிட மதிப்புள்ளது.

பணம் கட்டுவதற்கு முன் கட்டணமில்லாத வழிகளில் ஒரு மாதமாவது முயலுங்கள். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்பிடெல் பாடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்குக் கட்ட வேண்டும். கல்லூரியில் இருப்பவர்களுக்கு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகள் உண்டு. அதன் பிறகும் ஆசிரியர் தேவை என்று தோன்றினால் மையத்துக்குப் போங்கள். ஆனால் ஒரு முழு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், எந்தப் பதிப்பைக் கற்பிக்கிறார்கள் என்று கேளுங்கள், வேலை உறுதி என்றால் அதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணை அங்கே யாரிடமும் சொல்லாதீர்கள். மையம் மூடிப்போனாலும் கடன் தானாக மூடாது. தவணையை நிறுத்தினால், பின்னால் கடன் கேட்கும்போது வங்கி பார்க்கும் உங்கள் கடன் மதிப்பெண்தான் கெடும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. பாதிப்பு நேர்ந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களுக்கு எதிராக 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளையும் புகாரில் சுட்டிக்காட்டலாம். நாங்கள் இணைத்தவை: விளம்பரத்தின் படம், ரசீதின் இரு பக்கங்கள், கடன் ஒப்பந்தம், வகுப்புக் குறிப்பேடு, வாட்ஸ்அப் உரையாடல். விளம்பரத்தைச் சுவரிலிருந்து கிழிப்பதற்கு முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் புகாருக்குப் பிறகு அந்த மையத்தின் புதிய சுவரொட்டியில் உறுதி என்ற சொல் இல்லை.