முதலில் கதவு, அப்புறம் கூரை: பழைய பாப்-அப் கேம்பருடன் நான்கு வருடம்

எங்கள் கேம்பரில் கூரையை ஏற்றி இறக்கச் சுற்றுகிற வின்ச் கைப்பிடிக்குப் பக்கத்தில் கறுப்பு மார்க்கரில் 'கதவு?' என்று எழுதியிருக்கிறது. மகள் எழுதியது. ஏன் எழுதினாள் என்பது பிறகு வரும். இந்த வண்டி எங்களிடம் வந்து நான்கு வருடம் முடிந்துவிட்டது. நோட்டுக் கணக்குப்படி 53 இரவுகள் அதில் தூங்கியிருக்கிறோம். அதில் ஏழெட்டு இரவு தூங்கவில்லை என்பது வேறு கதை.

பார்த்திராதவர்களுக்காக: இது காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற ஒரு தட்டையான பெட்டி. இடம் போய்ச் சேர்ந்ததும் கைப்பிடியைச் சுற்றினால் கூரை நான்கு மூலைக் கால்களின் மேல் ஏறி நிற்கும். முன்னும் பின்னும் இரண்டு கட்டில்கள் இழுப்பறை மாதிரி வெளியே வரும். சுற்றிலும் கேன்வாஸ். பாதி கூடாரம், பாதி வீடு. எங்களுக்குக் கிடைத்தபோது இதற்கு 16 வயது. நாங்கள் மூன்றாவது கையா, நான்காவது கையா என்று விற்றவருக்கே தெரியவில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தேன். மூடியிருந்த பெட்டியைப் பார்த்து விலை பேசாமல், முழுக்கத் திறந்து காட்டச் சொன்னேன். கூரை ஏறியதும் முதலில் மூக்குக்குத்தான் வேலை. தண்ணீர் புகுந்த கேம்பரை எவ்வளவு கழுவினாலும் அந்த மக்கல் வாடை போகாது. அப்புறம் தரையின் மூலைகளைக் குதிகாலால் அழுத்திப் பார்த்தேன். ப்ளைவுட் இற்றிருந்தால் காலுக்குக் கீழே மெத்தென்று அமுங்கும். கூரையின் உள்பக்க ஓரங்களையும் விரலால் தட்டிப் பார்த்தாயிற்று. கேன்வாஸில் ஒரு சின்னக் கிழிசல், ஜிப் ஒன்று பல் போயிருந்தது. பரவாயில்லை என்று கை குலுக்கிவிட்டேன்.

கோட்டை விட்டது டயரில். பட்டை தேயாமல் புதுசு போல இருந்தது, அதைப் பார்த்தே திருப்தியாகிவிட்டேன். கேம்பர் டயர் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்றே அதிகம் கெடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. எங்கள் டயருக்கு ஒன்பது வயது ஆகியிருந்தது. இந்த எண்ணை நான் படிக்கக் கற்றுக்கொண்டதே, முதல் நீண்ட பயணத்தில் இடது டயர் தோலுரிந்து சாலையோரம் நின்றிருந்த நேரத்தில்தான். ஸ்டெப்னி இருந்தது. அதற்கும் அதே வயது. பயந்துகொண்டே ஓட்டி வந்து மூன்றையும் மாற்றினேன்.

இழுப்பதற்குக் காரில் பொருத்துகிற உருண்டையின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேம்பரின் முன்முனையில் உருண்டையைக் கவ்வுகிற மூடிதான் கப்ளர். 2 அங்குலக் கப்ளருக்குள் 1⅞ அங்குல உருண்டையை வைத்தாலும் மேலே கிளிப் மாட்டிக்கொள்ளும். எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். இரண்டுக்கும் மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டால் கழன்றுவிடும். உருண்டையின் தலையிலேயே அளவு பொறித்திருக்கும். மாட்டிய பிறகு முன்பக்க ஜாக்கைச் சுற்றித் தூக்கிப் பார்க்க வேண்டும். கேம்பரோடு சேர்ந்து காரின் பின்புறமும் எழும்பினால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இன்றுவரை ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

இனி திறக்கிற கதை. முதல் முறை வீட்டு முற்றத்தில் திறந்தோம். ஒரு மணி ஐம்பது நிமிடம். இப்போது மழை இல்லாவிட்டால் 25 நிமிடம். நான் ஒன்றும் வேகமாகிவிடவில்லை, வரிசையை மாற்றிச் செய்வதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான்.

காரிலிருந்து கழற்றும் முன்பே பக்கவாட்டு மட்டம் பார்த்தாக வேண்டும். வாசல்படியில் ரசமட்டத்தை வைத்து, எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றுவோம். கழற்றிய பிறகு நினைவு வந்தால் மறுபடி மாட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அப்புறம் இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் அடைக்கட்டை. அதற்குப் பிறகே காரைக் கழற்றுவது. முன்பின் மட்டத்துக்கு ஜாக் போதும். அடுத்தது நான்கு மூலைகளிலும் இருக்கிற முட்டுக்கால்களை இறக்குவது. முட்டு என்றால் முட்டு மட்டும்தான். வண்டியின் ஆட்டத்தை நிறுத்தவே அவை இருக்கின்றன, எடையைத் தூக்க இல்லை. இது தெரியாமல் முதல் மாதம் பின்பக்கத் தாழ்வை முட்டுக்காலை முறுக்கியே சரிசெய்யப் பார்த்தேன். கால் வளைந்தது. வளைந்த காலோடுதான் ஒரு வருடம் ஓட்டினோம்.

முட்டுக்கால் இறக்காமல் கட்டிலை இழுக்கவே கூடாது. கட்டில் வெளியே வந்து அதன் மேல் ஆள் ஏறினால் பெட்டி அந்தப் பக்கமாகக் கவிழப் பார்க்கும். ஒரு கட்டிலில் எத்தனை கிலோ தாங்கும் என்று உள்ளே ஒட்டியிருப்பார்கள். குழந்தைகள் நண்பர்களைக் கூட்டி வரும்போது அந்தத் தாளைக் காட்டுவது எனக்கு உதவியாக இருக்கிறது.

கூரையை ஏற்றும் முன் நான்கு மூலைக் கொண்டிகளையும் எடுக்க வேண்டும். பின்பக்கம் ஒன்றை ஒருமுறை மறந்து சுற்ற ஆரம்பித்தேன். மூன்று மூலை எழுந்தது, ஒன்று எழவில்லை, உள்ளே எங்கோ ஒரு முனகல். நல்லவேளை, அங்கேயே நிறுத்தினேன். உள்ளே கேபிள்கள் கப்பிகளில் ஓடி நான்கு கால்களையும் தள்ளுகின்றன. ஒரு மூலையைக் கட்டிப்போட்டுவிட்டு மற்றதை இழுத்தால் கேபிள்தான் வதைபடும். அதே மாதிரி கூரை முழு உயரம் வந்த பிறகும் 'இன்னும் ஒரு சுற்று' என்று இழுத்தால் கேபிள் அறும். கூரை ஏறி நின்றதும் ஒரு காலில் வெள்ளை பெயின்டால் கோடு போட்டுவைத்தேன். கோடு தெரிந்ததும் கை நின்றுவிடும்.

மேலே ஏறிய கூரை விழுந்துவிடுமோ என்ற பயம் எனக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. அது வெறும் பயம் இல்லை, கேபிள் அறுந்தால் நிஜமாகவே இறங்கும். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பிவிசி பைப்பைக் காலின் உயரத்துக்கு வெட்டி, நீளவாக்கில் ஒரு பிளவு போட்டு, ஏறி நிற்கும் காலைச் சுற்றிக் கவ்வவிட்டால் போதும். நான்கு காலுக்கும் நான்கு பைப். இந்த நான்கு வருடத்தில் இந்த வண்டிக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான வேலை இதுதான் என்று என் மனைவி சொல்கிறாள். மறுக்க முடியவில்லை.

கதவு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாடலில் கதவு தனியாக இருக்கும். கூரை ஏறியதும் மேலே மடக்கி வைத்திருப்பதை இறக்கிச் சட்டத்தில் பொருத்த வேண்டும். மூடும்போது முதலில் அதைக் கழற்றி மறுபடி கூரைக்கு அடியில் மடக்கிவிட வேண்டும். இரண்டாவது வருடம் ஒருநாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் அவசரமாக இறக்கிக்கொண்டிருந்தேன். காருக்குள்ளிருந்து மகள் கத்தினாள்: "அப்பா, கதவு! கதவு!" கார்க் கதவைச் சாத்தச் சொல்கிறாள் என்று நினைத்து, "நீயே சாத்தும்மா" என்று பதில் சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு சுற்று சுற்றினேன். கைப்பிடி கனத்தது. கனத்தபோதே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் அலுமினியச் சட்டம் வில்லாக வளைந்து, கீல் ஒன்று திருகோடு பிய்ந்து தொங்கியது. அன்று சாயங்காலம்தான் அவள் மார்க்கரை எடுத்தாள்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. இறக்கும்போது கைப்பிடி வழக்கத்தைவிடக் கனத்தால் கையை எடுத்துவிட்டு ஒரு சுற்று நடந்து பார்ப்பேன். பெரும்பாலும் கேன்வாஸ் மடிப்பு வெளியே பிதுங்கியிருக்கும், அல்லது உள்ளே நிமிர்த்தி வைத்த அடுப்பு மேடையை மடக்க மறந்திருப்போம். ஒருவர் மெல்லச் சுற்ற, இன்னொருவர் சுற்றி வந்து துணியை உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பதுதான் நல்லது. தனியாகவும் செய்யலாம். இரண்டு மடங்கு நேரமாகும், நிறைய நடக்க வேண்டியிருக்கும்.

கேன்வாஸைப் பற்றி யாரும் போதுமான அளவு பயமுறுத்துவதில்லை. மழையில் ஈரமாகவே மூடிக் கிளம்ப வேண்டிய நாள் கட்டாயம் வரும். மூடலாம், தவறில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு நாளுக்குள் திறந்து காயவைத்தே ஆக வேண்டும். முதல் வருடம் வேலை மும்முரத்தில் ஆறு நாள் விட்டுவிட்டேன். திறந்தபோது கட்டில் பக்கத் துணி முழுக்க மிளகைத் தூவினது போலக் கரும்புள்ளிகள். ப்ளீச் போட்டால் துணியின் நூலும் தையலும் பலம் போய்விடும். வினிகரைத் தண்ணீரில் கலந்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தேன். பூஞ்சை போயிற்று, கறை போகவில்லை. இன்னும் இருக்கிறது. விருந்தாளிகள் அந்தப் பக்கக் கட்டிலைத் தேர்ந்தெடுப்பதில்லை.

மழையே இல்லாமலும் உள்ளே ஈரம் சேரும். குளிர்ந்த இரவில் நாலு பேர் விடும் மூச்சு போதும். காலையில் மெத்தையைத் தூக்கினால் அடிப்பலகை நனைந்திருக்கும். குளிருது என்று எல்லா ஜன்னலையும் மூடினால் நிலைமை இன்னும் மோசம். எதிரெதிராக இரண்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்து, மெத்தைக்கு அடியில் காற்று ஓடுகிற மாதிரி ஒரு வலைவிரிப்பு போட்ட பிறகு தொல்லை குறைந்தது.

ஃபிரிட்ஜைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேஸ், மின்சாரம், 12 வோல்ட் பேட்டரி என மூன்றிலும் ஓடும் என்று விற்றவர் பெருமையாகக் காட்டினார். ஓடும்தான். ஆனால் பேட்டரியில் சுமார் 10 ஆம்பியர் உறிஞ்சும். எங்கள் பேட்டரி 80 ஆம்பியர்-அவர், அதாவது 10 ஆம்பியர் எடுத்தால் எட்டு மணி நேரத்தில் முழுக்கக் காலி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக, கார் ஓடாத நேரத்தில் நாலு மணி நேரம்தான் கணக்கு. ஒரு மதியம் காரை நிறுத்திவிட்டு நடக்கப் போய், ஃபிரிட்ஜை அணைக்க மறந்து, இரவு விளக்குக்கே மின்சாரம் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். எதுவும் ஓடாதபோது 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி போயிற்று. இந்த வகை ஃபிரிட்ஜ் மட்டமாக நிற்காவிட்டால் குளிராது, குளிரவும் ஒரு ராத்திரி எடுத்துக்கொள்ளும். இப்போது அதில் தட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறோம். உணவுக்கு நல்ல ஐஸ்பெட்டி ஒன்று.

கேஸ் விஷயத்தில் மட்டும் நான் சிக்கனம் பார்க்கவில்லை. பழைய குழாயும் ரெகுலேட்டரும் மாற்றினேன். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். கேஸ் அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டுக்கும் காலாவதித் தேதி உண்டு. எங்களுடையதில் இரண்டுமே எப்போதோ கடந்திருந்தது. பச்சை விளக்கு மட்டும் அழகாக எரிந்துகொண்டிருந்தது.

ஓட்டும்போது இது இருப்பதே தெரியாது என்பது நல்லதும் கெட்டதும். உயரம் குறைவு என்பதால் காற்று பிடிக்காது, கண்ணாடியிலும் தெரியாது. பின்னால் எடுக்கும்போதுதான் விழி பிதுங்கும். நீளமான ட்ரெய்லர் மெதுவாகத் திரும்பும், திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். இந்தக் குட்டைப் பெட்டி ஒரே நொடியில் மடங்கிவிடும். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் குழப்பம் இல்லை. இரண்டு மூலையிலும் மெல்லிய கம்பு கட்டி நுனியில் சிவப்புத் துணி வைத்தேன்; பெட்டி எங்கே இருக்கிறது என்று அதுதான் காட்டும். காலியான மைதானத்தில் மூன்று காலை நேரங்கள் பழகினேன். இன்னும் முதல் முயற்சியிலேயே நிறுத்தியதாகச் சொல்ல முடியாது.

ஒருமுறை சைக்கிள்களைப் பின்னால் தொங்கவிட்டுப் போனபோது வேகம் கூடியதும் வண்டி வாலாட்ட ஆரம்பித்தது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்னால் உருண்டையின் மேல் உட்கார வேண்டும். பின்னால் கனம் கூடினால் அது குறைந்துவிடுகிறது. சைக்கிள்கள் காரின் கூரைக்குப் போயின.

வருடம் ஒருமுறை சக்கர பேரிங்குகளைக் கழற்றிக் கிரீஸ் மாற்றுகிறேன். பயணத்தில் நிற்கும்போதெல்லாம் சக்கரத்தின் நடுப்பகுதிக்குக் கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே ஏதோ சரியில்லை.

இதை யாருக்குச் சொல்வேன்? வாரக்கடைசியில் ஒரே ஓர் இரவு போய் வருகிறவர்களுக்கு வேண்டாம், திறந்து மூடவே பொழுது போய்விடும். மூன்று நாளாவது ஒரே இடத்தில் தங்குகிறவர்கள், ஸ்பேனர் பிடிக்க அலுக்காதவர்கள் வாங்கலாம். தரைக்கூடாரத்தில் இடுப்பு ஒத்துழைக்காத எங்களுக்கு, இரவில் நாலு பக்கமும் வலைஜன்னலைத் திறந்துபோட்டு மெத்தையில் படுத்துக்கொண்டு பூச்சிகளின் சத்தம் கேட்பது போதுமானதாக இருக்கிறது.

இப்போதைய நிலவரம்: கூரை ஏறும்போது வலது பின்மூலை இரண்டு விரற்கடை தாழ்ந்தே வருகிறது. கேபிள் இழுபட்டிருக்கிறது, நான் கொண்டியை மறந்த அதே மூலை. புதுக் கேபிள் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை அந்த மூலைக்கு மட்டும் பிவிசி பைப்பின் கீழே ஒரு மரத்துண்டு.