காஞ்சிபுரம் அரைநாள் கோயில் சுற்றுலா: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு அரைநாள் கோயில் சுற்றுலா என்று யாராவது விளம்பரம் காட்டினால், மொத்தம் எத்தனை கோயில் என்று பார்க்காதீர்கள். நண்பகல் 12 மணிக்குள் எத்தனை கோயில் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை நான் கேட்கத் தவறினேன். அதனால் 76 வயதான என் அப்பா, கைலாசநாதர் கோயிலின் பூட்டிய கதவுக்கு வெளியே உச்சி வெயிலில் நின்றுவிட்டு வீடு திரும்பினார்.

அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பெரியபுராணத்தில் அவருக்கு மிகவும் பிடித்தது பூசலார் வரலாறு. கையில் பொருள் இல்லாத பூசலார், திருநின்றவூரில் உட்கார்ந்தபடி மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்துக் கோயில் எழுப்புகிறார், குடமுழுக்குக்கு நாளும் குறிக்கிறார். காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்றளிக்கும், அதாவது கற்கோயிலுக்கும், அதே நாள். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நாளை நான் அன்பன் கோயிலுக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்கிறார். அந்தக் கற்றளி கைலாசநாதர் கோயில்தான் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவந்தவர், அந்தக் கோயிலுக்குள் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. காஞ்சிபுரத்துக்குப் போகாதவர் அல்லர். போனதெல்லாம் கல்யாணப் பட்டு எடுக்க. அப்படியே காமாட்சி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்துவிடுவோம்.

இப்போது அவருக்கு மூட்டுவலி. பஸ் மாறி, ஆட்டோ பிடித்து அலைய வேண்டாம், வீட்டு வாசலிலிருந்து வேனில் ஏறிப் போய்வரலாம் என்றுதான் அந்தச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுத்தேன். ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன், கைலாசநாதர், வைகுந்தப் பெருமாள், வரதராஜப் பெருமாள் என ஐந்து கோயில்கள். குளிர்சாதன வேன், காலை உணவு, அனுபவம் மிக்க வழிகாட்டி. தலைக்கு 1,850 ரூபாய். அப்பா, அம்மா, நான் மூவருக்கும் 5,550 ரூபாயை முன்கூட்டியே கட்டினேன்.

காலை 6 மணிக்கு வருவதாகச் சொன்ன வேன் 6.50க்கு வந்தது. இன்னும் இரண்டு இடங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டோம், மொத்தம் 11 பேர். வழியில் ஓர் ஓட்டலில் காலை உணவுக்கு 50 நிமிடம் நிறுத்தினார்கள். சென்னையிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர்தான். ஆனால் காஞ்சிபுரத்துக்குள் நுழைந்தபோது மணி 9.40. அப்போதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

முதலில் ஏகாம்பரநாதர் கோயில். ராஜகோபுரத்தைக் காட்டி, இது பல்லவர்கள் கட்டியது என்றார் வழிகாட்டி. அப்பா அவர் அருகில் போய், மற்றவர்கள் காதில் விழாதபடி, இது 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது என்று சொன்னார். "எல்லாம் ஒன்றுதான் ஐயா, பழசுதானே" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். பஞ்சபூதத் தலங்களில் இது மண்ணுக்கு உரியது என்பதையாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மாமரத்தடியில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னதோடு அவர் பேச்சு முடிந்தது.

அங்கிருந்து காமாட்சி அம்மன் கோயில். இந்த ஊரின் சிவன் கோயில்களில் அம்பாளுக்குத் தனிச் சன்னிதி வைக்கும் வழக்கம் இல்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காமாட்சி ஒருத்திதான் என்று அம்மாதான் எங்களோடு வந்த கோயம்புத்தூர் குடும்பத்துக்கு விளக்கினார். வழிகாட்டி வெளியே நின்று கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. எந்தக் கோயில் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் கோயிலுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. வெளியே வேட்டியும் தட்டுமாக நின்ற ஒருவரிடம் வழிகாட்டி எங்களை அழைத்துப் போய், குடும்பப் பெயரில் சிறப்புச் சங்கல்பம் செய்துகொள்ளுங்கள் என்றார். குடும்பத்துக்கு 501 ரூபாய். ரசீது கேட்டால், சாமி காரியத்துக்கு ரசீதா அம்மா என்று முகத்தைச் சுளித்தார். உள்ளே அர்ச்சனைச் சீட்டு கொடுப்பவரிடம் விசாரித்தேன். அவர் எங்கள் ஆளே இல்லை, அர்ச்சனைக்குச் சீட்டு இங்கே மட்டும்தான் என்றார். அதற்குள் எங்கள் வேனில் வந்த நான்கு குடும்பங்களும் பணம் கொடுத்து முடித்திருந்தன, நாங்கள் உட்பட.

மணி 10.50. அடுத்தது கைலாசநாதர் என்று அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். இங்கேதான் முக்கியமான ஏமாற்று ஆரம்பித்தது. அங்கே இப்போது பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்திருக்கிறார்கள், அவர்கள் போகட்டும், அதற்குள் பத்து நிமிடம் தறி பார்த்துவிடலாம் என்றார் வழிகாட்டி. வேன் ஒரு பட்டு மாளிகையின் முன் நின்றது. இறங்கும்போது வாசல் காவலர் ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து, வேன் எண்ணையும் எத்தனை பேர் என்பதையும் எழுதிக்கொண்டார். இதைக் கவனித்துச் சொன்னவர் கோயம்புத்தூர்க்காரர். எங்களைத் தலை எண்ணி இறக்கிவிட்டிருக்கிறார்கள் என்று அப்போதே அவர் சொன்னார். நான்தான் நம்பவில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு தறி. ஒருவர் இரண்டு நிமிடம் நாடாவை ஓட்டிக் காட்டினார். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோக்கும் கோர்வை முறையைப் பற்றி நான் கேட்க வாயெடுப்பதற்குள், மாடிக்கு வாருங்கள் என்று அழைத்துப் போய்விட்டார்கள். மாடி முழுவதும் கடை. வழிகாட்டியைக் காணவில்லை. ஓட்டுநரும் இல்லை, வேனும் இல்லை, டீசல் போடப் போயிருக்கிறது என்றார்கள். ஒரு விரிப்பு, அதன்மேல் இன்னொரு விரிப்பு, காப்பி, இன்னும் பத்து சேலை. அப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். "நேரம் ஆகிறதே அம்மா" என்று மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை அவர் குரலில் இருந்த தயக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் கொதிக்கிறது. பணம் கட்டி வந்தவர், கெஞ்சுவதுபோல் கேட்க வேண்டியிருந்தது.

வேன் திரும்பி வந்தது 12.10க்கு. கைலாசநாதர் கோயில் வாசலில் நாங்கள் இறங்கியபோது மணி 12.25. கதவு பூட்டியிருந்தது. மாலை 4 மணிக்கு மேல்தான் என்றார் அங்கிருந்தவர்.

"அடடா, இன்றைக்குச் சீக்கிரம் சாத்திவிட்டார்கள் போலிருக்கிறதே" என்றார் வழிகாட்டி. அந்தப் பொய்யைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்தி மாலை 4 மணி அளவில் திறப்பார்கள் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். வாரந்தோறும் இதே வழியில் ஆட்களை அழைத்து வருகிறவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் 10.50க்கு எங்களைக் கடைக்குள் விட்டார். அங்கே ஒன்றேகால் மணி நேரம் போனால் மீதி மூன்று கோயில்களையும் கதவே பார்த்துக்கொள்ளும். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது, கோயில்தானே சாத்தியிருக்கிறது! பள்ளிப் பிள்ளைகள் யாரும் அன்று காலை வரவே இல்லை என்று எதிரே இளநீர் விற்றவர் சொன்னார்.

அப்பா வெளியே புல்வெளிப் பக்கம் இருக்கும் நந்தியை மட்டும் பார்த்தார். பிறகு வேனில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு வேன் போகவே இல்லை. வரதராஜப் பெருமாள் கோயிலைக் கோபுரத்தோடு சேர்த்து வெளியிலிருந்து காட்டினார்கள். 1979க்குப் பிறகு 2019இல் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாள் காட்சி தந்த கோயில். அன்றைய கூட்டத்துக்குப் பயந்து அம்மா போகாமல் இருந்துவிட்டார். கல் சங்கிலி தொங்கும் நூற்றுக்கால் மண்டபத்தையாவது இந்த முறை பார்த்துவிடலாம் என்று வந்திருந்தார். அதுவும் இல்லை. 4 மணி வரை காத்திருக்கிறோம் என்று நாங்கள் ஏழு பேர் சொன்னோம். அரைநாள் சுற்றுலா அம்மா, 2 மணிக்குச் சென்னை கிளம்ப வேண்டும் என்று வேனை எடுத்துவிட்டார்கள்.

கடையில் வாங்கிய சேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்களோடு வந்த ஒரு பெரியம்மா, பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கு 12,400 ரூபாய்க்குச் சுத்தப் பட்டு என்று ஒன்று எடுத்தார். வீட்டுக்குப் போய் முந்தானை நூல் ஒன்றை எரித்துப் பார்க்கச் சொன்னேன். பட்டு நூல் எரிந்தால் தலைமுடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் தேய்த்தால் பொடியாகும். அவருடைய நூல் உருகி, கெட்டியான மணியாகச் சுருண்டது. பட்டு எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஊர் நெசவாளர்களின் கைவேலைமீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. எடுப்பதானால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைக்கோ கோ-ஆப்டெக்ஸுக்கோ நீங்களாகப் போங்கள். வண்ணத்துப்பூச்சி வடிவம் கொண்ட சில்க் மார்க் முத்திரையைப் பாருங்கள், பில்லில் சரிகையின் தரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். வழிகாட்டி அழைத்துப் போகும் கடையில் நீங்கள் கொடுக்கும் விலைக்குள் அவருடைய பங்கும் இருக்கும்.

மறுநாள் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். கோயில் நடை திறப்பதும் சாத்துவதும் எங்கள் கையில் இல்லை, அது நிபந்தனைகளில் இருக்கிறது என்றார்கள். உண்மைதான், சிறிய எழுத்தில் இருந்தது. பட்டு மாளிகையில் ஒன்றேகால் மணி நேரம் என்பது எந்த எழுத்திலும் இல்லை. நான் விடாமல் கேட்டபோது, அடுத்த சுற்றுலாவில் ஆளுக்கு 200 ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். அதில் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஐந்து கோயில்களின் பெயர் அச்சிட்ட நிகழ்ச்சி நிரல், பணம் கட்டிய சான்று, பூட்டிய கதவை நேரத்தோடு எடுத்த படம் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. அந்தப் படத்தை எடுக்கத் தோன்றியது என் நல்ல நேரம். உங்களுக்கு இப்படி நேர்ந்தால், கோபத்தில் கத்துவதற்கு முன்னால் படத்தை எடுங்கள்.

பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவையும் உண்டு: எந்தக் கோயிலில் எத்தனை மணிக்கு இறங்குவோம், கடைக்குப் போவோமா, வழிகாட்டியிடம் சுற்றுலாத் துறை அடையாள அட்டை இருக்கிறதா. மழுப்பினால் விட்டுவிடுங்கள். நேரத்தை எழுதித் தர மறுக்கிறவர் அந்த நேரத்தை வேறு யாருக்கோ விற்றுவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்த நிரலில் கைலாசநாதர் கோயிலுக்கு 15 நிமிடம் என்று போட்டிருந்தது. அதைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நான்கு வாரம் கழித்து, தெரிந்தவர் காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு காலை 5 மணிக்குக் கிளம்பினோம். 7 மணிக்கெல்லாம் கைலாசநாதர் கோயிலில் இருந்தோம். எங்களைத் தவிர ஐந்தாறு பேர்தான். முன்வரிசைச் சிறுகோயில்களில், இந்தக் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் ராஜசிம்மனின் அரசி ரங்கபதாகை எழுப்பியதன் முன் அப்பா முதலில் நின்றார். பிறகு உள்ளே போய், சுற்றுமதிலை ஒட்டி இருக்கும் 58 சிற்றாலயங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்தார். சிலவற்றில் பல்லவர் காலத்துச் சுண்ணப்பூச்சும் வண்ணமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கருவறையைச் சுற்றும் குறுகிய வழியில் குனிந்து போக மூட்டு இடம் கொடுக்கவில்லை. அம்மாவை அனுப்பிவிட்டு வெளியே காத்திருந்தார். மண்டபத் தூண் ஒன்றில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியை வென்று உள்ளே வந்தவன், இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்த செய்தி அது. "பகைவன் அம்மா அவன், பகைவன்" என்று அப்பா என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

வெளியே வந்தபோது மணி 9.30. வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். நின்றும் இருந்தும் கிடந்தும் பெருமாள் காட்சி தரும் மூன்று தளங்கள், பிராகாரச் சுவர் முழுக்கப் பல்லவர் வரலாற்றைச் சொல்லும் சிற்ப வரிசைகள். பன்னிரண்டு வயதுப் பையன் நந்திவர்மனை அரசனாக்க அழைத்துவரும் காட்சியைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார் அப்பா. 11.45க்கு, நடை சாத்தப் போகிறார்கள் ஐயா என்று ஒருவர் வந்து சொல்லும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. அன்று நாங்கள் பார்த்தது இந்த இரண்டு கோயில்கள்தான்.