மொட்டை மாடி சோலாரா, வீட்டுக்கு வீடு பிஎல்டிசி ஃபேனா?

எங்கள் சென்னைக் குடியிருப்பில் 16 வீடுகள். எல்லாரும் சேர்ந்து மின்சாரத்தைக் குறைப்போம், பூமிச் சூட்டுக்கும் நம்மால் ஆனது என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது கடைசியில் மிஞ்சியவை இரண்டு யோசனைகள்: பம்ப், லிஃப்ட் மாதிரியானவை ஓடும் பொது இணைப்புக்கு 5 கிலோவாட் சோலார், இல்லையென்றால் எல்லா வீட்டுக்கும் மொத்தமாக பிஎல்டிசி ஃபேன், அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள ஃபேன். நாங்கள் ஃபேன் பக்கம் போனோம், அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

சாதாரண ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் பக்கம் இழுக்கும், பிஎல்டிசிக்கு 30 போதும். வீட்டுக்கு மூன்று என்று 48 ஃபேன், தினம் பத்து மணி நேரம் ஓடினால் மிச்சம் 21 யூனிட்டுக்கு மேல். நம்மூர் வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், ஆக 5 கிலோவாட்டுக்கு 20. கிட்டத்தட்ட சமம்தான். ஃபேன் ஒன்று 3,000 ரூபாய் என்றாலும் மொத்தம் ஒன்றரை லட்சத்துக்குள் முடிகிறது. சோலாரோ, மத்திய அரசின் சூர்யா கர் சோலார் மானியத் திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களுக்குக் கிடைக்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் போகவும், எங்களுக்கு வந்த விலையில் அந்த ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது.

பில்லை மட்டும் பார்த்தால் சோலாருக்கு ஒரு பலம் உண்டு. பொது இணைப்புக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது, அதனால் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் காசு. ஃபேனில் அப்படியில்லை, ஏற்கெனவே 100 யூனிட்டுக்குள் ஓட்டும் சிக்கனமான வீட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஆனால் 500 யூனிட்டைத் தொட்டுத் தொட்டுத் தாண்டும் வீடுகளில் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டால் அதற்கு முந்தைய யூனிட்டுகளின் ரேட்டே குறைந்துவிடுகிறது, அங்கேதான் சந்தோஷம்.

இன்னொன்று, நம் ஃபேன்கள் அதிகம் சுற்றுவது ராத்திரியில். அந்த நேரத்தில் சோலார் தூங்குகிறது, பாரத்தைப் பெரும்பாலும் தூக்குவது நிலக்கரி. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்பது சராசரிக் கணக்கு. சேமிக்கிற நேரமும் முக்கியம் என்பதைக் கூட்டத்தில் யாரும் பேசவே இல்லை.

சரி, எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. பிஎல்டிசி மேல் எல்லாருக்கும் உள்ள பயம் நியாயமானது. பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்து கண்டன்சர் மாற்றிவிட்டுப் போய்விடுவார், நூறு இருநூறில் வேலை முடியும். பிஎல்டிசியில் உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு. அது போனால் கம்பெனி ஆள் வரும்வரை வியர்க்க வேண்டியதுதான். இதற்குத்தான் சேர்ந்து வாங்குவது உதவுகிறது. மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி கிடைக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், அது பெரிதாக ஒன்றும் இல்லை. 48 ஃபேனும் ஒரே மாடல் என்பதுதான் விஷயம்: சங்க அலமாரியில் இரண்டு போர்டும் ஒரு ரிமோட்டும் உபரியாகக் கிடக்கின்றன, எங்கள் எலக்ட்ரீஷியன் அந்த ஒரு மாடலைக் கற்றுக்கொண்டார், எந்த வீட்டில் நின்றாலும் போர்டை மாற்றி மாட்டிவிட்டு, பழையதை வாரண்டிக்கு நிதானமாக அனுப்புகிறோம். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை லைனிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். யாராவது பழக்கதோஷத்தில் அதைத் திருகினால் போர்டுக்குக் கேடு. பத்து வருஷம் தாங்குமா? எங்களுக்கு இரண்டு கோடைதான் ஆகியிருக்கிறது.

சோலாரை நான் பக்கத்துக் குடியிருப்பில் பார்த்ததோடு சரி. அங்கே பேனலைக் கழுவுவது யார் என்பதே வருஷாவருஷம் சண்டை. போர் தண்ணீரில் கழுவிக் கழுவி வெள்ளை வெள்ளையாக உப்புத் திட்டு படிந்திருக்கிறது, மேலே புறா எச்சம். செயலாளர் மாறினால் இன்வெர்ட்டர் ஆப்பின் பாஸ்வேர்டும் அவரோடு போய்விடுகிறது. அப்புறம், பேட்டரி இல்லாத சோலார் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் கைவைக்கும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே. பிஎல்டிசியோ வீட்டு இன்வெர்ட்டரில் இரண்டு மடங்கு நேரம் ஓடும்.

வெயில் நேரடியாக விழும் மாடி, பம்ப்பும் லிஃப்டும் பகலில் நிறைய ஓடும் பெரிய குடியிருப்பு என்றால் சோலார் கணக்கு வேறு மாதிரி வரலாம். எங்களுக்கும் அது கைவிட்ட யோசனை இல்லை. மாடியில் பதித்த தட்டு ஓடு ஒழுகுகிறது, அதைச் சரிசெய்யாமல் பேனலுக்குத் துளை போட்டால் மேல்மாடி வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள்.