பிளக்கிலேயே வைப்பதா, தீரவிட்டு ஏற்றுவதா?

லேப்டாப் வாங்கியதும் இரண்டு அறிவுரைகள் வந்து சேரும். "சார்ஜரைக் கழற்றவே வேண்டாம்" என்பார் ஒருவர். "பேட்டரி முழுசாகத் தீர்ந்த பிறகுதான் போடணும்" என்பார் இன்னொருவர்.

இரண்டாவது அறிவுரை நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துச் சரக்கு. இப்போது நம் கையில் இருப்பது லித்தியம் அயான். இதை அடிக்கடி பூஜ்யம் வரை இறக்கினால் ஆயுள் தேயும். அப்புறம், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் சுழற்சிக் கணக்கு (பேட்டரி எத்தனை தடவை முழுசாகச் செலவாகி நிரம்பியது என்ற எண்ணிக்கை) ஏறிவிடுமோ என்ற பயமும் தேவையில்லை. இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுழற்சி.

அப்படியானால் எந்நேரமும் பிளக்கில் வைப்பதுதான் சரியா? பாதி சரி. 100 சதவீதத்தைத் தொட்டதும் சார்ஜ் ஏறுவது தானாக நின்றுவிடும். ஆனால் பேட்டரிக்குள் முழுதாக நிரம்பிய ஒவ்வொரு செல்லும் சுமார் 4.2 வோல்ட்டில் நிற்கிறது. அந்த மின்னழுத்தத்திலேயே நாள் கணக்கில் இருந்தால் உள்ளே வேதிச் சிதைவு வேகமாகும், சூடும் சேர்ந்தால் இன்னும் மோசம். என் பழைய லேப்டாப் இரண்டு வருடம் மெத்தை மேலேயே, பிளக்கோடுதான் இருந்தது. ஒருநாள் டச்பேட் அழுந்த மறுத்தது, மேசையில் வைத்தால் ஆடியது. அடிமூடியைக் கழற்றினால், பேட்டரி குட்டித் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது. அப்படி உப்பியதை அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜும் போடக்கூடாது. உடனே மாற்றிவிட வேண்டும்.

என் தீர்ப்பு: பிளக்கிலேயே வையுங்கள், ஆனால் 80 சதவீதத்தில் நிற்கும்படி. பல லேப்டாப்களில் இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. இல்லாவிட்டால் 30-க்கும் 80-க்கும் நடுவில் ஓட்டினால் போதும். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் அணைத்து வைக்கலாம்.

பையில் போடும்போது ஸ்லீப்பா, ஹைபர்னேட்டா? ஸ்லீப் என்பது அரைத்தூக்கம்; ஹைபர்னேட் என்பது திறந்திருந்த வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு முழுசாக அணைவது. சந்தேகமே இல்லாமல் ஹைபர்னேட். ஸ்லீப்பில் இருப்பது பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு கொதித்துப்போவதுண்டு. ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப் என்றால் ஆபத்து இரட்டிப்பு. நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் தட்டுக்கு மேலே, முடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவான இடைவெளியில், தகவலைப் படித்து எழுதும் ஹெட் மிதக்கிறது. அந்த நேரத்தில் பை எங்காவது இடித்தால் தட்டில் கீறல் விழலாம். மூடியதும் விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டுத் தூக்குங்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சிப்களில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லாததால் இந்தக் கவலை இல்லை. சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டீஃபிராக்கும் வேண்டாம், அது வீண் தேய்மானம். ஆனால் ஒன்றில் எனக்கு ஹார்ட் டிஸ்க்தான் பிடிக்கும். கெட்டுப்போகும் முன் பல சமயம் டிக் டிக் என்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி பல நேரம் சொல்லாமல் போய்விடும், அதிலிருந்து கோப்புகளை மீட்பதும் கஷ்டம். அதனால் எஸ்எஸ்டிக்கு மாறியபின் வாராவாரம் வெளி டிஸ்க்கில் நகல் எடுக்கிறேன், எடுத்ததும் கழற்றித் தனியாக வைத்துவிடுகிறேன்.